கப்பலுக்குப் போகிற தம்பிக்கு எந்தக் கத்தி?

கேள்வி: அண்ணாச்சி, கப்பலில் பொதுவேலை ஆளாகச் சேர்வதற்கான ஜி.பி. ரேட்டிங் கோர்ஸ் முடித்துவிட்டேன். அடுத்த மாதம் மூட்டை கட்டாமல் சரக்கைக் கொட்டி ஏற்றுகிற பல்க் கேரியர் கப்பல் ஒன்றில் டிரெய்னியாக ஏறப் போகிறேன். பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. கடைக்காரர், பாதி அலகில் பல்லும் பாதியில் சாதாரணக் கூரும் உள்ள ஒன்றை எடுத்து வைத்து, "இதுதான் எல்லாத்துக்கும் ஆகும்" என்கிறார். கூடப் படித்த நண்பன், முழுக்கப் பல் வைத்ததுதான் கயிறு அறுக்கும் என்கிறான். அப்பா பைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். அவர், "பல்லுக் கத்தி வலையைப் பிய்க்கும், வேண்டாம்ல" என்கிறார். யார் சொல்வது சரி?
– தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்

தம்பி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பல் இல்லாத கத்தி. பல் வைத்தது வேண்டியது உன் அப்பாவுக்கு, அவர் கோபித்துக்கொண்டாலும் சரி. கடைக்காரர் எடுத்து வைத்த பாதிக்குப் பாதியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

இருபத்தெட்டு வருஷம் டெக்கில் நின்றவன் நான். கடைசிப் பதினோரு வருஷம் போசன், அதாவது டெக் ஆட்களுக்கு மேஸ்திரி. இப்போது உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு முடிச்சும், கயிற்று இழைகளைப் பின்னிச் சேர்க்கும் ஸ்ப்ளைஸும் சொல்லிக் கொடுக்கிறேன். கோர்ஸ் முடிகிற வாரம் ஒருவனாவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்தில் வயலும் உண்டு, பனையும் உண்டு. நெல் அறுக்கிறவர்கள் கையில் இருக்கும் கருக்கரிவாளைப் பார்த்திருப்பாய். உள்வளைவு முழுக்கப் பொடிப்பொடியாகப் பல். தாளை ஒரு பிடி சேர்த்துப் பிடித்து, அரிவாளைத் தன் பக்கம் ஓர் இழுப்பு இழுத்தால் அறுந்து கையோடு வந்துவிடும். நெல் தாள் வழுவழுப்பானது, கூரான அலகு பட்டாலும் வளைந்து நழுவப் பார்க்கும். பல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் நழுவ வழியில்லை. பனையேறியின் அரிவாள்பெட்டியில் இருக்கும் பாளை அரிவாளுக்கோ பல்லே கிடையாது. பாளையின் நுனியைத் தினமும் காகிதம் போலச் சீவ வேண்டும். சீவிய முகம் நார் நாராகக் கிழிந்து நின்றால் பதநீர் ஒழுங்காக வடியாது. இரண்டையும் அடித்துக் கொடுப்பவர் ஒரே கொல்லராகக்கூட இருப்பார். கருக்கு வெட்டத் தெரியாமலா பாளை அரிவாளை வழவழவென்று விட்டார்?

கடையில் செரேட்டட் என்றும் பிளெயின் என்றும் சொல்வதெல்லாம் இந்த இரண்டு அரிவாள்தான். நழுவுகிற நாரை இழுத்து அறுக்கக் கருக்கு. அழுத்திச் சீவுவதற்கும், வெட்டின முகம் சுத்தமாக இருப்பதற்கும் பல் இல்லாத கூர்.

பல் கத்தியில் உன் கையழுத்தம் முழுவதும் பல் முனைகளில்தான் போய் நிற்கும். முனை முதலில் நாரைக் கிழித்துத் திறக்கும், பின்னால் வரும் குழிவு அறுத்து முடிக்கும். பலகையிலும் இரும்பிலும் இடிபடுவது முனை மட்டுமே, குழிவுக்குள் இருக்கும் கூருக்கு அடி விழாது. அதனால் முனை மழுங்கின பிறகும் அந்தக் கத்தி அறுத்துக்கொண்டே இருக்கும். வீட்டில் பிரெட் கத்தியை யாராவது சாணை பிடித்துப் பார்த்திருக்கிறாயா? ஆனாலும் வருஷக்கணக்கில் ஓடுகிறது. மட்டமான மெத்து இரும்பில் செய்த கத்திகூடப் பல் வைத்திருந்தால் ஓரளவுக்கு உழைக்கும். உன் நண்பன் சொல்வதில் இவ்வளவு நியாயம் உண்டு.

ஆனால் டெக்கில் டிரெய்னி ஒருவன் ஒரு நாளில் எதையெல்லாம் வெட்டுகிறான் என்று யோசி. கயிற்று நுனி பிரியாமல் சுற்றிக் கட்டுகிற விப்பிங்குக்கான நூல், ட்வைன். பெயிண்ட் அடிக்குமுன் ஒட்டுகிற மாஸ்கிங் டேப். சரக்கறையின் மூடியான ஹாட்ச் கவரின் இடுக்கை மூடுகிற தார் டேப். கான்வாஸ் துண்டு, பிளாஸ்டிக் டை, அட்டைப்பெட்டி, ஸ்ப்ளைஸ் போட்டு முடித்த பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் இழைநுனி, டீ பிரேக்கில் ஓர் ஆப்பிள். இதில் பல்லுக்கு வேலை எங்கே?

என்னோடு ஒரு டிரெய்னி இருந்தான். கெட்டிக்காரன். முழுக்கப் பல் வைத்த கத்தி ஒன்றை ஆசையாக வாங்கி வந்திருந்தான். கரைக்கு வீசி எறிகிற மெல்லிய கயிறான ஹீவிங் லைன் நுனிக்கு விப்பிங் போடச் சொன்னேன். மெழுகு தடவிய ட்வைனைப் பன்னிரண்டு சுற்று அழகாக இறுக்கிச் சுற்றிவிட்டு, மிச்ச நுனியை வெட்டக் கத்தியை வைத்தான். பல் ட்வைனைக் கவ்வி இழுத்தது. கடைசி நாலு சுற்றும் நெகிழ்ந்து மேலே எழும்பிவிட்டன. மறுபடி சுற்றினான், மறுபடி அதே கதை. மூன்றாவது தடவை என் கத்தியைக் கேட்டு வாங்கினான். கப்பலைக் கரையில் கட்டுகிற எட்டு இழை மூரிங் ரோப்பில் கண், அதாவது நுனி வளையம், போட்டபோதும் அப்படித்தான். அவன் அறுத்த இழைநுனி ஒவ்வொன்றும் பஞ்சுமிட்டாய் மாதிரி பூத்து நின்றது. டேப் சுற்றிவிட்டு நல்ல கூரால் ஒரே அழுத்தாக அழுத்தினால் நுனி கட்டையாக நிற்கும், அடுத்த இழைக்குள் சுலபமாக நுழையும். தார் டேப் வேலைக்குப் பிறகு அவன் கத்தியைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஒவ்வொரு குழிவிலும் கறுப்பாக அப்பிக்கொண்டு, ஆணி நுனியால் அரைமணி நேரம் குடைந்துகொண்டிருந்தான்.

இன்னொன்றையும் கவனி. பெரும்பாலான பல் கத்திகளில் பல்லை ஒரு பக்கம் மட்டுமே சரித்து வெட்டியிருப்பார்கள், மறுபக்கம் தட்டை. அதனால் கான்வாஸில் நேர்கோடாக வெட்டப் போனால் அலகு மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகும்.

அப்படியானால் கயிறு?

கயிறு இறுகி நிற்கிறதா, தளர்ந்து கிடக்கிறதா என்பதுதான் விஷயம். இறுகி நிற்கிற கயிற்றைக் கூரான கத்தி தொட்டாலே இழைகள் தெறிக்கும், அதற்குப் பல் தேவையில்லை. தேவையில்லை என்பதைவிட, நீ அந்தக் கயிற்றின் பக்கமே போகாதே. லோடில் இருக்கும் மூரிங் ரோப் அறுந்து பின்னோக்கி வீசினால் என்ன ஆகும் என்று கோர்ஸில் படம் காட்டியிருப்பார்கள். யாராவது கயிற்றில் மாட்டி உயிர் போகிற நிலை வந்தாலொழிய, இறுகின கயிற்றில் கத்தி வைக்கிற முடிவு உன்னுடையது இல்லை. மூரிங் ரோப்பின் பருமனுக்கு மடக்குக் கத்தி ஆகவும் ஆகாது. நிதானமாக வெட்டுவதென்றால் சூடான கத்தி, அவசரம் என்றால் கோடாலி.

தளர்ந்து, நனைந்து, பாசி பிடித்துக் கிடக்கிற கயிறுதான் கஷ்டம். ஒருமுறை நங்கூரத்தில் நின்றபோது, மிதந்து வந்த பழைய வலையின் கயிறு பைலட் ஏறிவரத் தொங்கவிடும் கயிற்றேணியான பைலட் லேடரின் அடிப்படியில் சுற்றிக்கொண்டது. லைஃப் ஜாக்கெட்டும் சேஃப்டி பெல்ட்டும் போட்டுக்கொண்டு இறங்கினேன். கையில் இருந்த என் கத்தியைக் கண்ணாடி போலத் தீட்டி வைத்திருந்தேன், முழங்கை ரோமத்தை வழிக்கும். அந்தக் கயிற்றில் வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. அலை ஏறி இறங்குகிறது. மேலிருந்து ஏ.பி., அதாவது தேர்ந்த மாலுமி, ஒருவர் தன் பல் கத்தியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். மூன்று இழுப்பு, வேலை முடிந்தது. அவர் அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு என்னைப் பார்த்தாலே முழங்கையைத் தடவிக் காட்டுவார்.

அன்றைக்குக் கத்தியை மாற்றிவிடலாமா என்றுதான் தோன்றியது. மாற்றவில்லை, தீட்டுகிற விதத்தை மாற்றிக்கொண்டேன். கயிறு அறுக்கிற கத்திக்குக் கண்ணாடிப் பளபளப்பு ஆகாது. 400 நம்பர் கல்லோடு நிறுத்திவிட்டால் கூரில் கண்ணுக்குத் தெரியாத பொடிக் கருக்கு நிற்கும், விரல் நுனியைக் குறுக்காக வைத்துப் பார்த்தால் சுரசுரவென்று இருக்கும். அந்தச் சுரசுரப்பு ஈரமான பாலிபுரொப்பிலீன் கயிற்றையும் கவ்வும், ட்வைனையும் இழுக்காமல் வெட்டும். பிறகு எந்தக் கயிற்றுக்கும் என் கத்தி வழுக்கியதில்லை. ஆனால் இந்தச் சுரசுரப்பு நிலைக்காது. வாரத்துக்கு ஒருமுறை கல்லில் போட்டால்தான் இருக்கும்.

ஆக, கத்தி வாங்கப் போகும்போது பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் நீ உன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து தீட்டுவாயா? தீட்டுவேன் என்றால் பல் இல்லாதது. சத்தியமாகத் தீட்ட மாட்டேன் என்றால் நண்பன் சொன்னதை வாங்கிக்கொள், அது உன் சோம்பேறித்தனத்தைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும். உனக்கு முதலாவதைச் சொன்னதற்குக் காரணம், டிரெய்னிக்குச் சாயங்காலம் கொஞ்சமாவது மிஞ்சும், போசன் ஸ்டோரில் கல்லும் இருக்கும்.

பல் கத்தியும் ஒரு நாள் மழுங்கத்தான் செய்யும். அப்போது அதைச் சரிசெய்வது வேறு கலை. நான் இளவட்டமாக இருந்தபோது ஒரு பல் கத்தியை இன்ஜின் ரூம் பிட்டரிடம் கொடுத்துக் கூராக்கித் தரச் சொன்னேன். நல்ல மனுஷன், பாசத்தோடு பெஞ்ச் கிரைண்டரில் பிடித்துவிட்டார். திரும்பி வந்தபோது பல்லெல்லாம் தேய்ந்து லேசான அலையாகிவிட்டது, நுனி சூடேறி நீலம் பாய்ந்திருந்தது. நீலம் பாய்ந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம், பிறகு கூர் நிற்காது. பல் கத்திக்கு வேண்டியது ஊசிபோலக் கூம்பிப் போகும் உருண்டையான வைரத்தூள் அரம். சரிவு வெட்டின பக்கத்திலிருந்து, ஒவ்வொரு குழிவுக்குள்ளும் அந்தக் குழிவின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் இடம்வரை அரத்தை நுழைத்து நாலைந்து தேய்ப்பு. மறுபக்கத்தைக் கட்டைவிரலால் தடவினால் பிசிர் தட்டுப்படும். தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்க வைத்து ஒரே ஒரு மெல்லிய தேய்ப்பில் அந்தப் பிசிரை எடுத்துவிட வேண்டும். பிறகு அடுத்த குழிவு. ஓர் அலகில் பத்துப் பதினைந்து குழிவு இருக்கும். பொறுமை இருந்தால் செய்.

பல் இல்லாததற்கு இவ்வளவு பாடில்லை. இரண்டு முகக் கார்போரண்டம் கல் ஒன்று போதும். கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவுக்குத் தூக்கிப் பிடித்து, கல்லை மெல்லிசாகச் சீவுவது போல முன்னால் தள்ளு. ஒரு பக்கம் பிசிர் எழும்பும்வரை, பிறகு மறுபக்கம். பழைய தோல் பெல்ட்டில் நாலு முறை இழுத்தால் முடிந்தது.

பாதிக்குப் பாதியைப் பற்றி. எட்டு சென்டிமீட்டர் அலகில் கைப்பிடியை ஒட்டின மூன்று சென்டிமீட்டரைப் பல்லுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அழுத்தம் கொடுத்து வெட்ட அலகிலேயே பலமான இடம் அதுதான், கைக்கு மிகப் பக்கம் என்பதால். மூன்று சென்டிமீட்டர் பல்லை வைத்து இழுத்து அறுக்க ஓட்டமும் போதாது. ஒட்டகத்தையும் குதிரையையும் ஒரே வண்டியில் பூட்டின மாதிரி. சுவிஸ் ராணுவம் நூறு வருஷத்துக்கு மேல் பல் இல்லாத அலகையே சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டு, 2008 மாதிரியில்தான் பல்லுக்கு வந்தது. விக்டோரினாக்ஸ் செய்துகொடுத்த அந்தக் கத்தியில் பல் நுனிப் பக்கம் இருக்கிறது, கைப்பிடிப் பக்கம் சாதாரணக் கூர். பாதிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அப்படித் திருப்பி வைத்ததைத் தேடு. உன் கடைக்காரரிடம் இருப்பது அது இல்லை என்று நினைக்கிறேன்.

மடக்குக் கத்தியில் பல் வந்த கதையே கடலை ஒட்டினதுதான். அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கும் ஸ்பைடர்கோ கம்பெனி 1982-இல் 'மரீனர்' என்று ஒரு மடக்குக் கத்தி கொண்டுவந்தது. பெயரே கடலோடி. பல் வெட்டின முதல் மடக்குக் கத்தி அதுதான் என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். கயிறோடு மல்லுக்கட்டுகிறவனை மனதில் வைத்துச் செய்தது. அதே கம்பெனி பிறகு ஹெச்1 என்ற இரும்பில், கார்பனைக் குறைத்து நைட்ரஜனைச் சேர்த்து, உப்புத்தண்ணீரில் துருப் பிடிக்காத கத்திகளை ஜப்பானில் செய்வித்தது. அருமையான பொருள், உன் இரண்டாயிரத்துக்குள் வராது. முதல் சம்பளத்துக்குப் பிறகு ஆசைப்படு.

இப்போதைக்கு மூன்று விஷயம் பார். நுனி ஊசியாக இருக்கக் கூடாது. முதுகு வளைந்து இறங்கி நுனி மொட்டையாக நிற்கும் அலகு, ஆட்டுக்குளம்பு மாதிரி, கேட்டால் ஷீப்ஸ்ஃபுட் என்று எடுத்துக் கொடுப்பார்கள். கப்பல் ஆடும்போது கத்தி நழுவினால் தொடையில் குத்தாது. அலகு திறந்ததும் பூட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தும்போது உன் விரல் மேலேயே மடங்கும். பிடியில் ஒரு துளை வேண்டும், அதில் லேன்யார்ட் என்கிற சிறு கயிற்றைக் கட்டி இடுப்பு வளையத்தில் மாட்டிக்கொள். உயரத்தில் வேலை செய்யும்போது கை தவறி விழும் கத்தி கீழே நிற்பவன் தலைக்கு எமன். மரப்பிடி போட்ட பிரெஞ்சு ஓபினெல் கண்ணுக்கு அழகு, ஆனால் ஈரத்தில் மரம் ஊறிவிட்டால் அலகைத் திறக்கப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். உள்நாட்டில் வைத்துப் பழம் நறுக்கட்டும். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தாலும் நம்பாதே. உன் வேலை முறையான வாட்ச் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மடங்குகிற மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய். உப்பு அங்கேதான் ஒளிந்துகொள்ளும்.

"ஆபத்து நேரத்தில் பல் வேண்டாமா" என்று நண்பன் கேட்பான். ஆபத்தில் இறங்கித் தப்பிக்கிற மிதவையான லைஃப் ராஃப்டைக் கப்பலோடு பிணைக்கும் பெயின்டர் கயிற்றை அறுக்க உன் கத்தியை யாரும் நம்பி இருக்கவில்லை. உயிர்காப்புச் சாதனங்களுக்கான சர்வதேச விதியான எல்.எஸ்.ஏ. கோட் படி ஒவ்வொரு லைஃப் ராஃப்டிலும் மிதக்கும் பிடி போட்ட, மடக்காத கத்தி ஒன்று, பெயின்டர் கட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கூரைத் துணியின் வெளிப்பையில் கயிற்றோடு இருக்க வேண்டும். பதின்மூன்று பேரோ அதற்கு மேலோ ஏறுகிற ராஃப்ட் என்றால் இரண்டாவது கத்தியும் உண்டு. லைஃப் போட்டில் கயிற்றோடு கட்டின ஜாக் நைஃப், கூடவே இரண்டு கைக்கோடாலி. கப்பலேறின முதல் வாரத்திலேயே டிரில் நேரத்தில் இவையெல்லாம் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்த்து வைத்துக்கொள்.

இனி அப்பா. பல் வலையைப் பிய்க்கும் என்று அவர் சொல்வது உண்மை. கரையில் உட்கார்ந்து வலை பின்னும்போது, கண்ணி ஒன்றை மட்டும் வெட்டி எடுக்க வேண்டிய இடத்தில், பல் பக்கத்துக் கண்ணியையும் கவ்வும். அதற்கு அவர் வைத்திருக்கும் பழைய கத்தியே போதும். ஆனால் நடுக்கடலில், இன்ஜின் விசிறியில் கயிறோ அறுந்த வலையோ சுற்றிக்கொண்டால்? இன்ஜினை நிறுத்தித் தூக்கி, வள்ளம் ஆட ஆட, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் அறுக்க வேண்டும். தளர்ந்த, நனைந்த, வழுக்குகிற நைலான். நான் பைலட் லேடரில் பட்ட அதே பாடு. அங்கே கண்ணி பிய்ந்தால் பிய்ந்துவிட்டுப் போகிறது, விசிறி விடுபட்டால் சரி. அதனால் அவருக்கு நுனி மொட்டையான, முழுக்கப் பல் வைத்த, மடக்காத கத்தி ஒன்று. விலை மலிவானதே போதும், பிடி பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கட்டும். வள்ளத்தின் பின்பக்கம், இன்ஜினுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உறையோடு கட்டி வைக்கச் சொல். மீன் நறுக்க எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிடு, இல்லையென்றால் நாலு நாளில் அடுப்படிக்குப் போய்விடும். உன் பட்ஜெட்டில் நானூறு ரூபாயை இதற்கு ஒதுக்கு.

கடைசியாக, கத்தியை வாங்குவதற்கு முன்னால் உன்னைக் கப்பலுக்கு அனுப்புகிற மேனிங் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். சில கம்பெனிகள் சொந்தக் கத்தியை டெக்கில் விடுவதில்லை, அவர்களே ஒன்று கொடுத்துவிடுவார்கள். கொண்டுபோகலாம் என்றால் விமானத்தில் செக்-இன் பைக்குள் வை. மாலுமிச் சான்றான சி.டி.சி.யும் பாஸ்போர்ட்டும் வைக்கிற கைப்பையில் மறந்து வைத்துவிட்டு, செக்யூரிட்டியில் கத்தியைப் பறிகொடுத்த பையன்கள் என் கணக்கில் மூன்று பேர். துறைமுகத்தில் ஊர் சுற்றப் போகும்போது கேபினிலேயே விட்டுவிட்டுப் போ. பிரிட்டனில் பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குக் கத்தியைத்தான் காரணம் கேட்காமல் பையில் வைத்திருக்க விடுவார்கள். நான் உன்னை வாங்கச் சொன்னது பூட்டு உள்ளது.